ஸ்பானிஷில் வாங்கிய சி

என்னுடைய பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலை இன்றும் பத்திரமாக வைத்திருக்கிறேன். லேமினேஷன் ஓரத்தில் பிரிந்து மஞ்சளாகிவிட்டது. 1993-ஆம் ஆண்டு, 1,200-க்கு 1,034. அந்தக் காலத்தில் பிளஸ் டூ மதிப்பெண்ணுக்கு 200, நுழைவுத் தேர்வுக்கு 100 என்று 300-க்குக் கட் ஆஃப் போட்டுத்தான் பொறியியல் இடம் கொடுப்பார்கள். கல்லூரியில் சேர்ந்தவுடன் அந்தத் தாளின் வேலை முடிந்தது என்று நினைத்தேன். நான்கு ஆண்டு கழித்து வேலைக்கு விண்ணப்பித்தபோது பத்தாவது, பிளஸ் டூ, பட்டம் மூன்றிலும் அறுபது சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்றார்கள். விசா நேர்காணலுக்கும் அதே தாளைக் கோப்பில் வைத்துத்தான் எடுத்துப் போனேன். பதினேழு வயதில் மூன்று மணி நேரம் எழுதிய தேர்வு ஆயுளுக்கும் கூட வரும் என்பது என் தலைமுறைக்கு இரத்தத்தில் ஊறிய நம்பிக்கை.

அதனால் 2021 ஜூனில் கலிஃபோர்னியாவில் என் மகன் 4-க்கு 2.7 ஜிபிஏ-யுடன், அதாவது சராசரி மதிப்பெண்ணுடன், பள்ளியை முடித்தபோது, அவன் கதை அத்தோடு முடிந்தது என்றே நினைத்தேன். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில், இங்கே எல்லோரும் சொல்வதுபோல யூசியில், பள்ளியிலிருந்து நேரடியாகச் சேர இந்த மாநில மாணவருக்குக் குறைந்தது 3.0 வேண்டும். அந்த வாசலில் நிற்கவே அவனுக்குத் தகுதியில்லை. பக்கத்து ஊரில் இருந்த கம்யூனிட்டி காலேஜில் சேர்த்தோம். அங்கே சேர மதிப்பெண் தேவையில்லை. பள்ளிப் படிப்பை முடித்திருந்தால் போதும். பாடங்களின் அளவை யூனிட் என்று கணக்கிடுவார்கள், ஒரு யூனிட்டுக்கு 46 டாலர் கட்டணம்.

திருச்சியிலிருந்து என் அம்மா தொலைபேசியில், “கம்யூனிட்டி காலேஜ் என்றால் நம் ஆட்கள் நடத்துகிற கல்லூரியா?” என்று கேட்டார். கம்யூனிட்டி என்ற சொல்லை அவர் சர்டிஃபிகேட்டோடு சேர்த்து மட்டுமே கேட்டிருக்கிறார். இல்லையம்மா, ஊர்க்காரர்கள் எல்லோருக்குமான கல்லூரி, இரண்டு வருடம் அங்கே படித்துவிட்டுப் பெரிய பல்கலைக்கழகத்தில் மூன்றாம் வருடம் சேரலாம் என்றேன். “பாலிடெக்னிக் முடித்துவிட்டு பி.இ. இரண்டாம் வருடத்தில் சேருகிற மாதிரியா?” என்றார். அதைவிடத் தெளிவாக என்னால் சொல்லியிருக்க முடியாது. டிப்ளமோ மதிப்பெண்ணை வைத்துத்தானே அங்கே சேர்க்கிறார்கள், பிளஸ் டூவே கிடையாதே என்று அடுத்த கேள்வியும் கேட்டார். விடை அந்தக் கேள்வியிலேயே இருந்தது. நான்தான் அப்போது கவனிக்கவில்லை.

இங்குள்ள தமிழ்க் குடும்பங்களில் கம்யூனிட்டி காலேஜ் என்ற சொல்லை உச்சரிக்கும்போது குரல் சற்றுத் தாழும். பொங்கல் விழாவில் ஒருவர் என் தோளில் கை வைத்து, “பரவாயில்லை சார், எல்லாம் நல்லதற்குத்தான்” என்றார். துக்கம் விசாரிக்கும் தொனி. அவரிடம் சொல்ல அன்று எனக்கு எதுவும் தெரியவில்லை. யூசிக்கு இடம் மாறி வரும் மாணவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் இந்த மாநிலத்தின் கம்யூனிட்டி காலேஜ்களிலிருந்து வருகிறவர்கள்தான். இரண்டு முதலாண்டு மாணவருக்கு ஓர் இடமாற்ற மாணவர் என்பது யூசி தனக்கு வைத்துக்கொண்ட குறி. இதையெல்லாம் நான் பிறகுதான் படித்தேன்.

முதல் ஆறு மாதம் அவனிடம் நான் பேசியது முழுக்கத் தவறான பேச்சு. “பள்ளி மார்க்கை எப்படி ஈடுகட்டப் போகிறாய்?” என்று தினமும் கேட்டேன். ஈடுகட்ட அங்கே ஒன்றுமே இல்லை. அறுபது செமஸ்டர் யூனிட்டுகளை முடித்து மூன்றாம் ஆண்டில் சேர விண்ணப்பிப்பவருக்கு யூசி பார்ப்பது கல்லூரி மதிப்பெண்ணையும், எடுத்த பாடங்களையும், நான்கு சிறு கட்டுரைகளையும்தான். விண்ணப்பத்தில் பள்ளியின் பெயரைக் கேட்டார்கள். 2.7 என்ற எண்ணை எழுத அதில் கட்டமே இல்லை. கலிஃபோர்னியா ஸ்டேட் பல்கலைக்கழகங்களான சிஎஸ்யூக்களிலும் அப்படித்தான்: அறுபது யூனிட் இருந்தால் கல்லூரி மதிப்பெண் மட்டும். அதற்குக் குறைந்த யூனிட்டோடு நடுவில் மாற நினைத்தால்தான் பள்ளிப் பதிவைத் திரும்பத் தோண்டுவார்கள். ஒரே வருடத்தில் மாறிவிடலாம் என்று அவசரப்படும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். கல்லூரிப் படிப்பு எவ்வளவு குறைவாக இருக்கிறதோ, பள்ளி மதிப்பெண்ணுக்கு அவ்வளவு கனம் கூடுகிறது. தனியார் பல்கலைக்கழகங்களிலும் இதே கணக்குதான்.

எனக்கே வெட்கமாக இருக்கும் இடம் இனிமேல்தான் வருகிறது.

2022 ஆகஸ்டில் அவனுக்குக் கல்லூரி ஆலோசகருடன் சந்திப்பு இருந்தது. அதற்குள் 36 யூனிட் முடித்து 3.70 வைத்திருந்தான். பள்ளியில் தூங்கிய பையன் இவன்தானா என்று நானும் என் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்ட காலம் அது. யூசியின் டேவிஸ் வளாகத்துக்கு ‘டேக்’, அதாவது கேட்ட மதிப்பெண்ணும் பாடங்களும் இருந்தால் இடம் உறுதி என்ற ஏற்பாட்டில், விண்ணப்பிக்கலாம் என்பது திட்டம். யூசியின் ஆறு வளாகங்கள் இந்த இடமாற்ற உறுதியைத் தருகின்றன: டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சாண்டா பார்பரா, சாண்டா குரூஸ். பெர்க்லி, லாஸ் ஏஞ்சலிஸ், சான் டியேகோ தருவதில்லை. செப்டம்பர் மாதத்துக்குள் ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் விண்ணப்பிக்க முடியும். டேவிஸ் கேட்டது 3.2.

சந்திப்பு முடிந்து காரில் ஏறியவன் வெகுநேரம் பேசவில்லை. வீட்டுக்குத் திரும்பும் சாலைக்கு முந்தைய சிக்னலில், “அப்பா, அந்த ஜாவா கோர்ஸ் ஞாபகம் இருக்கிறதா?” என்றான்.

எனக்கு ஞாபகம் இருந்தது. 2019 கோடை. அவன் பத்தாம் வகுப்பு முடித்திருந்தான். நண்பர் ஒருவரின் மகள் பள்ளியில் படித்துக்கொண்டே கல்லூரிப் பாடம் எடுக்கிறாள் என்று கேள்விப்பட்டு, மறுநாளே இவனுக்கும் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். பள்ளி மாணவர் என்பதால் பாடக் கட்டணம்கூட இல்லை. ஓசியில் கிடைத்தால் விடுவோமா? அவனுக்கு விருப்பமா என்று கேட்கவில்லை. அவன் மூன்று வாரம் போனான், பிறகு நின்றுவிட்டான். நின்றதைப் பற்றி எனக்கும் தெரியும். கணினி முன் உட்கார்ந்தே இருக்கிறான், பாடம் பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நானும் விட்டுவிட்டேன். எங்கள் இருவருக்கும் தெரியாதது ஒன்றுதான். வகுப்புக்குப் போகாமல் இருப்பதும் பாடத்திலிருந்து முறைப்படி விலகுவதும் வேறு வேறு. அவன் விலகவில்லை. நான்கு யூனிட், எஃப்.

மூன்று வருடம் இந்த எஃப் எனக்குத் தெரியாமல் இருந்ததற்கும் காரணம் உண்டு. ஃபெர்பா என்று 1974-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. பள்ளியில் படிக்கும்வரை பிள்ளையின் மதிப்பெண்ணைப் பார்க்கும் உரிமை பெற்றோருக்கு. கல்லூரியில் பதிவு செய்துவிட்டால், பதினாறு வயதானாலும், அந்தக் கல்லூரிப் பதிவு மாணவனுக்கு உரியது. எனக்குக் கடிதம் வராது, மின்னஞ்சல் வராது. பள்ளியின் மதிப்பெண்களை வாரம் இரண்டு முறை கைபேசியில் எட்டிப் பார்த்துக் கொண்டிருந்த எனக்கு, கடைசிவரை துரத்தப் போகிற ஒரே மதிப்பெண் கண்ணில் படவே இல்லை.

அவனும் மறைத்தான் என்று சொல்ல முடியாது. “ஸ்கூல் படிக்கும்போது எடுத்ததுதானே, ஸ்கூல் மார்க்கோடு அதுவும் போய்விட்டது என்று நினைத்தேன்” என்றான். நியாயமான நினைப்பு. ஆனால் நடப்பு நேர் எதிர். பள்ளியில் வாங்கிய சி-க்களும் டி-க்களும் ஆவியாகிவிட்டன. பள்ளிக் காலத்தில் கல்லூரியில் வாங்கிய எஃப் மட்டும் கல்லூரி மதிப்பெண்ணாகவே உயிரோடு இருந்தது. ஆலோசகர் வழக்கமாக எல்லோரிடமும் கேட்கும் கேள்வி, “பள்ளி நாட்களில் வேறு கல்லூரியில் ஏதாவது பாடம் எடுத்தாயா?” என்பதாம். அந்தப் பெண்மணி கேட்டிருக்காவிட்டால் அவன் விண்ணப்பத்தில் போட்டிருக்க மாட்டான். படித்த ஒவ்வொரு கல்லூரியையும் சொல்லியாக வேண்டும் என்பது யூசியின் விதி. சொல்லாமல் விட்டது பிறகு தெரிந்தால், கொடுத்த இடத்தையே ரத்து செய்யலாம்.

அன்றிரவு நான் காகிதத்தில் கணக்குப் போட்டேன். 36 யூனிட்டுக்கு 3.70 என்றால் 133.2 புள்ளி. எஃப்-புக்குப் புள்ளி பூஜ்யம், ஆனால் யூனிட் நான்கு. 133.2-ஐ நாற்பதால் வகுத்தால் 3.33. ஒரு வருட உழைப்பில் ஏறியதை மூன்று வாரக் கோடை இறக்கிவிட்டது. டேவிஸின் 3.2-க்கு மேல்தான் இருந்தது, அந்த அளவில் தப்பித்தோம். மற்ற வளாகங்களில் போட்டிக்கு நிற்க அது போதாது.

வழி இருந்தது. கலிஃபோர்னியாவின் கம்யூனிட்டி காலேஜ்களில் ‘அகாடமிக் ரினியூவல்’ என்று ஓர் ஏற்பாடு உண்டு. பழைய மோசமான மதிப்பெண்ணுக்குப் பிறகு நன்றாகப் படித்துக் காட்டினால், அந்த மதிப்பெண்ணை ஜிபிஏ கணக்கிலிருந்து நீக்கச் சொல்லி மனு கொடுக்கலாம். பட்டியலில் எஃப் அச்சடித்தபடியே இருக்கும், கூட்டலில் மட்டும் சேராது. யூசியும் அதை ஏற்றுக்கொள்கிறது. எத்தனை யூனிட் படித்துக் காட்ட வேண்டும், எவ்வளவு காலம் கடந்திருக்க வேண்டும் என்பதெல்லாம் கல்லூரிக்குக் கல்லூரி வேறுபடும். எஃப் கொடுத்த கல்லூரியில்தான் மனு போட வேண்டும், இப்போது படிக்கும் கல்லூரியில் இல்லை. இதில் எங்களுக்கு இரண்டு வாரம் வீணாயிற்று. மகன் முதலில் மனு கொடுத்தது தவறான வாசலில்.

செப்டம்பரில் 3.33-ஐ வைத்தே டேக் விண்ணப்பம் போயிற்று. அக்டோபர் கடைசியில் புதிய மதிப்பெண் பட்டியல் வந்தது, எஃப்-புக்குப் பக்கத்தில் குறிப்போடு. நவம்பர் 30-க்குள் கொடுக்க வேண்டிய பொது விண்ணப்பத்தில் அந்தப் பாடத்தை உள்ளபடியே போட்டு, கூடுதல் விவரங்களுக்கான பகுதியில் மூன்று வரி எழுதினான். பத்தாம் வகுப்புக் கோடையில் பதிவு செய்தேன், முறையாக விலகத் தெரியாமல் நின்றுவிட்டேன், பிறகு நீக்கம் பெற்றேன் என்று. அப்பாதான் தள்ளிவிட்டார் என்று எழுதவில்லை. எழுதியிருந்தாலும் தவறில்லை.

இந்த அலைச்சலுக்கு நடுவே, பள்ளியிலிருந்து வேறு இரண்டு விஷயங்கள் நல்லவிதமாகக் கூட வந்தன. ஒன்று ஏபி தேர்வு, பள்ளியிலேயே எழுதும் கல்லூரித் தரத் தேர்வு. ஏபி ஆங்கில வகுப்பில் அவன் வாங்கியது சி. ஆண்டு இறுதியில் எழுதிய ஏபி தேர்வில் 5-க்கு 4. வகுப்பின் சி பள்ளிப் பட்டியலோடு நின்றுவிட்டது, தேர்வின் 4 கல்லூரிக்குக் கணக்காயிற்று. யூசி 3-ம் அதற்கு மேலும் வாங்கிய ஏபி தேர்வுகளுக்கு யூனிட் தருகிறது. அவனுக்கு ஆங்கிலக் கட்டுரைப் பாடம் இரண்டில் ஒன்று கழிந்தது. ஆனால் இதுவும் தானாக நடக்காது. தேர்வை நடத்தும் காலேஜ் போர்டிலிருந்து அதிகாரபூர்வமாக மதிப்பெண்ணை அனுப்பச் சொல்லிப் பணம் கட்ட வேண்டும். கம்யூனிட்டி காலேஜில் சேர்ந்த முதல் வாரமே இதைச் செய்யாததால், ஏற்கெனவே கழிந்த பாடத்துக்கு அவன் மறுபடியும் பதிவு செய்யப் போனான். கடைசி நேரத்தில்தான் தெரிந்து விலகினான், இந்த முறை முறைப்படி.

மற்றொன்று ஸ்பானிஷ். ‘ஐகெட்சி’ என்று அப்போது ஒரு பொதுப்பாடத் தொகுப்பு இருந்தது. 2025 இலையுதிர் பருவத்திலிருந்து அதன் இடத்தில் ‘கால்கெட்சி’ வந்துவிட்டது. ஐகெட்சியில் யூசிக்குப் போகிறவர்களுக்கு ஆங்கிலம் அல்லாத ஒரு மொழியில் தேர்ச்சி வேண்டும் என்று ஒரு பிரிவு இருந்தது. பள்ளியில் ஒரே மொழியை இரண்டு ஆண்டு படித்து, சி மைனஸுக்குக் குறையாமல் வாங்கியிருந்தால் அது நிறைவேறிவிடும். ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் என் மகன் ஸ்பானிஷ் படித்து சி வாங்கியிருந்தான். அந்த சி-க்காக நான் ஒரு வாரம் அவனோடு பேசவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். பள்ளி நான்கு வருடத்தில் அவன் வாங்கிய அத்தனை எழுத்துகளிலும், யூசிக்காக ஒருவர் எடுத்துப் பார்த்தது அந்த சி ஒன்றைத்தான். பார்த்துவிட்டு, சரி என்று டிக் அடித்தார்.

வார இறுதித் தமிழ்ப் பள்ளியை ஆறாம் நிலையோடு நிறுத்தியிருந்தான். அதைத் தொடர்ந்திருந்தால் இங்கே தமிழையே காட்டியிருக்கலாமோ என்று எனக்கு ஓர் ஏக்கம். ஊரிலிருந்து பள்ளி முடித்துக் குடியேறி வந்தவர்களுக்கு இது இன்னும் எளிதாக இருந்தது. ஆங்கிலம் அல்லாத பயிற்றுமொழியில், ஆறாம் வகுப்போ அதற்கு மேலோ இரண்டு ஆண்டு படித்திருந்தால் போதும் என்று ஐகெட்சி விதியில் இருந்தது. தமிழ்வழியில் படித்த ஒரு நண்பரின் தம்பி மகன் அப்படித்தான் பள்ளிச் சான்றைக் காட்டி அந்தக் கட்டத்தைத் தாண்டினான். தமிழ்வழியில் படித்ததற்காக யாரும் அவனைப் பாராட்டியது அதுவே முதல் முறை என்று சிரித்தான். அவனுடைய பிளஸ் டூ மதிப்பெண்ணை யூசியில் யாரும் கேட்கவில்லை. ஆனால் ஊரில் ஒரு வருடம் பொறியியல் படித்து அரியரோடு விட்டுவிட்டு வந்தவர்கள் அப்படித் தப்ப முடியாது. வெளிநாட்டில் படித்த கல்லூரிப் படிப்பையும் அரியர் உட்பட எழுதியாக வேண்டும்.

தனியார் பல்கலைக்கழகங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் யூசியின் தாராளத்தைப் பார்த்துவிட்டு எல்லா இடமும் இப்படித்தான் என்று நான் ஏமாந்தேன். ஸ்டான்ஃபோர்டு, கார்னெல், தெற்குக் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றுமே இடமாற்ற மாணவரிடமும் பள்ளி மதிப்பெண் பட்டியலைக் கேட்கின்றன. என் மகன் ஒரே ஒரு தனியார் இடத்துக்கு விண்ணப்பித்தான். 2.7 மறுபடியும் மேசைக்கு வந்தது. இடம் கிடைக்கவில்லை. பள்ளி மதிப்பெண்தான் காரணம் என்று சொல்ல என்னிடம் ஆதாரமில்லை. ஆனால் பள்ளிப் பதிவு பலவீனமாக இருக்கும் பிள்ளைக்கு, அதைக் கேட்காத இடங்களில் முதலில் உறுதியாகக் காலூன்றிவிட்டு, கேட்கும் இடங்களுக்கு மிச்ச நேரத்தையும் மிச்சக் காசையும் செலவிடுங்கள் என்று யார் கேட்டாலும் சொல்கிறேன்.

கம்யூனிட்டி காலேஜின் உள்ளேயும் பள்ளிப் பதிவுக்குச் சிறு வேலை இருக்கிறது. முன்பெல்லாம் சேரும்போதே கணக்கிலும் ஆங்கிலத்திலும் தேர்வு வைத்து, பலரை அடிப்படை வகுப்புகளில் போட்டு ஒன்றிரண்டு வருடம் சுற்றவிடுவார்களாம். 2017-இல் வந்த ஏபி 705 என்ற மாநிலச் சட்டத்துக்குப் பிறகு (இந்த ஏபி வேறு, தேர்வு ஏபி வேறு) பள்ளி மதிப்பெண்ணையும் படித்த பாடங்களையும் பார்த்தே வகுப்பில் வைக்கிறார்கள். அவனை நேரடியாக யூசி ஏற்கும் நிலையிலான கணக்கு வகுப்பிலேயே வைத்தார்கள். அவன் எடுக்க நினைத்த பொருளாதாரத்துக்கு கால்குலஸ் இரண்டு, நுண்பொருளியல், பேரினப் பொருளியல், புள்ளியியல் தேவை. எந்தக் கல்லூரிப் பாடம் எந்த வளாகத்தில் எதற்கு ஈடு என்பதை அசிஸ்ட் இணையதளத்தில் வளாகவாரியாகப் பார்க்கலாம். நான் பள்ளி மதிப்பெண்ணை நினைத்து அழுத நேரத்தில் அந்தப் பட்டியலை ஒருமுறை படித்திருக்கலாம். யூசியில் உண்மையில் எடைபோடுவது அதைத்தான்.

டேவிஸ் கிடைத்தது, இர்வைனும் கிடைத்தது. பெர்க்லி இல்லை என்றது. ஜூன் 1-க்குள் முடிவு சொல்ல வேண்டும், டேவிஸுக்குச் சொன்னான்.

ஜூலை 1-க்குள் எல்லா மதிப்பெண் பட்டியல்களும் போய்ச் சேர வேண்டும். இரண்டு கல்லூரிகளின் பட்டியலும் உடனே போயின. ஸ்பானிஷைக் காட்டுவதற்காகப் பள்ளிப் பட்டியலும் வேண்டியிருந்தது. பள்ளி அலுவலகம் ஜூன் நடுவில் கோடை விடுமுறைக்கு மூடிவிடும் என்பது மூடுவதற்கு முந்தைய நாள்தான் தெரிந்தது. ஓடிப்போய் இரண்டு உறைகள் வாங்கினோம். ஒன்று டேவிஸுக்கு. மற்றதை என் மனைவி வாங்கி, என்னுடைய லேமினேஷன் தாள் இருக்கும் கோப்பில் பிரிக்காமலே வைத்துவிட்டாள்.

போன பொங்கல் விழாவில் அதே நண்பர், தோளில் கை வைத்தவர், இந்தக் கோடையில் பத்தாவது படிக்கும் தன் மகளைக் கல்லூரிப் பாடம் ஒன்றில் சேர்க்கப் போவதாகச் சொன்னார். கட்டணமே இல்லை சார் என்றார். நல்லது என்றேன். அவளுக்குப் பிடித்த பாடமா என்று கேட்டேன். தெரியவில்லை என்றார்.

“விலகக் கடைசி நாள் எது?” என்றேன். அப்படி ஒரு நாள் இருக்கிறதா என்று கேட்டார். பையிலிருந்து பேனாவை எடுத்து, பந்திக்கு வைத்திருந்த காகித நாப்கினில் எழுதிக் கொடுத்தேன்.